நன்மையும் தீமையும் அவரவர் மனத்தைப் பொறுத்தவையா? தோள்சீலைப் போராட்டத்தை முன்வைத்து

நாஞ்சில்வாசி எழுதியது:

நன்மை, தீமை என்று தனியாக எதுவும் கிடையாது, ஒரு காலத்தில் ஒரு சமூகம் எதை ஏற்றுக்கொள்கிறதோ அது நன்மை, எதை வெறுக்கிறதோ அது தீமை என்ற கருத்தைப் படித்தவர்கள் பலரும் இப்போது முடிந்த முடிவாகவே சொல்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னால் அதை ஏற்க முடியவில்லை. காரணத்தை எங்கள் ஊர் வரலாற்றிலிருந்தே சொல்கிறேன்.

அன்றைய தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பகுதிகளில், நாடார் பெண்களும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த சாதிகளின் பெண்களும் மேல்சாதியினர் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது விதி. அது ஊர் வழக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. மீறியவர்களுக்கு அடியும் அவமானமும் கிடைத்தன, அதற்கு அரசின் துணையும் இருந்தது. 1810களின் தொடக்கத்தில் ரெசிடெண்டாகவும் (ஆங்கிலேயரின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவர்களாகிவிட்ட நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டையை அணியலாம் என்று அனுமதித்தார். குப்பாயத்தோடு நில்லாமல், மேல்சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோளில் போடும் துணியான தோள்சீலையையும் போட்டுக்கொண்டு பெண்கள் சந்தைக்கு வரத் தொடங்கியபோது, பொது இடத்தில் வைத்து அந்தச் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வெளிவந்த அரசாணை, தோள்சீலை போடும் உரிமை அவர்களுக்கு இல்லை என்றது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டு, வீடுகளும் மிஷன் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் கொடுத்த நெருக்கடிக்குப் பிறகுதான் 1859 ஜூலை 26 அன்று, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்ற மகாராஜாவின் பிரகடனம் வந்தது. (இந்தப் போராட்டத்தைச் சுற்றி வழங்கும் வாய்மொழிக் கதைகளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆணைகளே போதும்.)

1829இல் அந்த ஆணையைப் பிறப்பித்தவர்கள் தாங்கள் தீங்கு செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். பழைய ஒழுங்கைக் காப்பதாகவே நம்பியிருப்பார்கள். அப்படியென்றால் அந்தக் காலத்திற்கு அது நன்மைதான் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டுமா? ‘அன்றைய சமூகம் ஏற்றுக்கொண்டது’ என்று சொல்கிறோமே, சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பெண் அந்தச் சமூகத்தில் சேர்த்தியா, இல்லையா?

தர்க்கநிலா எழுதியது:

நாஞ்சில்வாசி ஐயா, எடுத்துக்காட்டு வலிமையானதுதான். ஆனால் அது உங்கள் பக்கத்துக்கு மட்டும் சாட்சி சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்டில் திறந்த மார்பு நாடார் பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாயர் பெண்கள் நம்பூதிரிகளின் முன்னும் கோயிலிலும் மேலாடையை நீக்கினார்கள். ஆண்கள், அரசர் உட்பட, பெரும்பாலும் மேலே ஒன்றும் அணியாமல்தான் இருந்தார்கள். அந்த வெப்பத்தில், அந்த வாழ்க்கை முறையில், மேனி திறந்திருப்பதற்கு வெட்கம் என்ற பொருளே அன்று இருந்திருக்காது. ‘பெண் மார்பை மறைக்காமல் இருப்பது இழிவு’ என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் லண்டன் மிஷன் பாதிரிமாரும் அவர்களுடைய மனைவிமாரும். இன்று நமக்கு அந்த வரலாற்றைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது என்றால், அந்தப் பதற்றத்தில் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாகரிக உணர்ச்சி எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா? ஒரு பண்பாட்டின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொன்றின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இப்போதுதான் உண்மை தெரிகிறது என்று சொல்கிறோமோ என்பது என் ஐயம்.

நாஞ்சில்வாசி எழுதியது:

நண்பர் சொன்ன தகவல்கள் சரியானவை. அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் வாதிடுகிறேன். மார்பைத் திறந்து வைப்பதோ மறைப்பதோ தன்னளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. அது முழுக்க வழக்கத்தைச் சார்ந்தது.

சாமித்தோப்புக்கு வந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அங்கே, 19ஆம் நூற்றாண்டில் சாதிக் கொடுமையை எதிர்த்த சமயத் தலைவர் அய்யா வைகுண்டரின் பதிக்குள் (வழிபாட்டுத் தலத்துக்குள்) ஆண்கள் இன்றும் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். கருவறையில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான் இருக்கிறது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு தலைநிமிர்ந்து வாருங்கள் என்று அவர் சொன்னார். திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தது. இன்று அந்தக் கண்ணாடி முன் மேல்சட்டை இல்லாமல் நிற்கும் ஒருவருக்கு அதில் துளி இழிவும் இல்லை. அதே திறந்த மார்பை இன்னொருவன் கம்பைக் காட்டிக் கட்டளையிட்டு வாங்கும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது.

அன்றைய பிரச்சினை நாணத்தைப் பற்றியதா என்பதற்கு 1859ஆம் ஆண்டுப் பிரகடனமே பதில் சொல்கிறது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், மீனவச் சமூகத்து முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுவதைப் போல மட்டும் போடக் கூடாது என்கிறது அந்தப் பிரகடனம். உரிமை கொடுக்கும் ஆணையிலேயே இப்படி ஒரு விலக்கு. மறைப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. தமக்குச் சமமாகத் தெரிவதில்தான் ஆட்சேபம். ஆகவே பாதிரிமாரின் உணர்ச்சியை முழுவதுமாகக் கழித்துவிட்டாலும் இங்கே ஒரு கொடுமை மிச்சமிருக்கிறது: இவள் தாழ்ந்தவள் என்பதை அவளுடைய உடம்பிலேயே எழுதி, அதைச் சுமந்துகொண்டு நடக்க அவளையே கட்டாயப்படுத்தியது. அதைக் காண இங்கிலாந்துக் கண்ணாடி தேவையில்லை. அந்தப் பெண்கள் அடிவாங்கிக்கொண்டும் மறுநாள் சீலையோடு சந்தைக்கு வந்ததற்கு, அது அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

வைகைக்கரை எழுதியது:

அண்ணன் நாஞ்சில்வாசியின் பேச்சில் எனக்கு உடன்பாடு அதிகம். ஆனாலும் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எல்லாருக்கும் பொதுவான அறம் எங்களுக்குத் தெரியும்’ என்று சொன்னவர்கள் எங்கள் மக்களுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் இந்த விவாதத்தில் வைக்க வேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதன்படி ஒரு சாதியில் பிறந்ததே குற்றம். பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவனுக்கும் அதே விதி, வீட்டில் நோயாளி கிடந்தவனுக்கும் அதே விதி. எங்கள் பக்கத்தில் இன்றும் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்துக் கூடிய மக்கள் மீது போலீசார் சுட்டதில் பதினாறு பேர் செத்துப்போனார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தங்களைக் கொடியவர்களாக நினைத்துக்கொள்ளவில்லை. தீமை எது என்று தங்களுக்குத் திட்டவட்டமாகத் தெரியும், இந்த மக்களைத் திருத்துவது தங்கள் கடமை என்றே எழுதினார்கள். ஆகவே அறம் மனிதருக்கு மனிதர் மாறும் என்று அடக்கமாகச் சொல்பவரைவிட, அறம் ஒன்றே, அது என் கையில் இருக்கிறது என்று சொல்பவரைக் கண்டால்தான் எனக்கு அச்சம் அதிகம்.

மட்டுறுத்துநர்:

வரலாற்றைச் சொல்லத் தேவையான அளவுக்குச் சாதிப் பெயர்கள் இடம்பெறுவதில் தடையில்லை. இன்றைய சாதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பதிவுகள் நீக்கப்படும். இதுவரை எழுதிய எல்லாரும் பொறுப்போடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

அறிவழகி எழுதியது:

கல்லூரியில் மெய்யியல் கற்பிப்பவள் என்பதால், இங்கே பின்னிக் கிடக்கும் சில இழைகளைப் பிரித்துக் காட்ட முயல்கிறேன்.

மனிதர்கள் அறத்தைப் பற்றி வெவ்வேறாகக் கருதுகிறார்கள் என்பது ஒரு செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தச் செய்தியிலிருந்து, ஆகவே எல்லாருடைய கருத்தும் ஒரே அளவுக்குச் சரி என்ற முடிவு தானாக வந்துவிடாது. இடையில் ஒரு படி வேண்டும். அந்தப் படியை வைக்காமலே பலர் தாண்டிவிடுகிறார்கள். அதேபோல, ஒரு செயலின் நன்மை தீமை சூழலைப் பொறுத்தது என்பது வேறு, நினைப்பவரின் மனத்தைப் பொறுத்தது என்பது வேறு. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொல்வது சூழலைப் பற்றி. எவர் என்ன விரும்புகிறாரோ அதுவே வாய்மை என்று அவர் சொல்லவில்லை.

வைகைக்கரை அவர்களின் அச்சம் முற்றிலும் நியாயமானது. அதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. ஐரோப்பியப் பேரரசுகள் தங்கள் பழக்கங்களையே மனித அறம் என்று பிற மக்கள் மீது திணித்ததைக் கண்டுதான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்ஸ் போவாஸ் போன்ற மானுடவியலாளர்கள் ஒவ்வொரு பண்பாட்டையும் அதனதன் உள்ளிருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். இனவெறிக்கு எதிராக எழுந்த நல்ல குரல் அது. மனித உரிமைப் பிரகடனம் உருவாகிக்கொண்டிருந்த 1947இல், அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு, ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை எல்லா மனிதருக்கும் பொதுவாக்கிவிட வேண்டாம் என்று ஐக்கிய நாடுகள் அவைக்கு அறிக்கை அனுப்பியது. மறு ஆண்டு டிசம்பர் 10 அன்று பிரகடனம் நிறைவேறியபோது நாற்பத்தெட்டு நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுகூட இல்லை, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. இன ஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கத் தொடங்கிய ஆண்டு அதற்கு அது. எங்கள் வழக்கம் எங்களுக்கு என்ற வாதம் யாருடைய கையில் போய்ச் சேரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே சங்கம் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்து வேறொரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

வைகைக்கரை அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. ரேகைச் சட்டம் தீமையானது என்று நீங்கள் சொல்வது, உங்கள் மக்களுக்கு அது பிடிக்கவில்லை என்ற பொருளில் மட்டுமா?

வைகைக்கரை எழுதியது:

இல்லை, அம்மா. எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமாக இருந்தால், வெள்ளைக்காரனுக்குப் பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். செய்யாத குற்றத்துக்குப் பிறப்பைக் காரணம் காட்டி ஒருவனைத் தண்டிப்பது யார் செய்தாலும், யாருக்குச் செய்தாலும் தவறு. நான் எதிர்ப்பது, தனக்கு அறம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, எதிரே நிற்பவனை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதும் போக்கை. பெருங்காமநல்லூரில் சுடும் முன் அந்த மக்கள் சொன்னதை யாராவது காதுகொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

தர்க்கநிலா எழுதியது:

அறிவழகி அவர்கள் காட்டிய பிரிவுகள் உதவியாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு என் நிலையைக் கூர்மையாக்கிச் சொல்கிறேன்.

அறம் ஒவ்வொருவரின் விருப்பம் என்று நான் சொல்லவில்லை. ரூபாய்த் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மதிப்பு அந்தக் காகிதத்தில் இல்லை. நாம் எல்லாரும் ஏற்றுக்கொள்வதால்தான் இருக்கிறது. ஆனாலும் நான் ஒருவன் மட்டும் அது செல்லாது என்று நினைத்துவிட்டால் அது செல்லாமல் போய்விடாது. அறமும் அப்படிப்பட்டதுதான் என்பது என் கருத்து. மனிதர்கள் இல்லாத உலகில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மனிதர்கள் கூடி வாழ்வதால் அவை பிறக்கின்றன. பிறந்த பிறகு தனிமனிதனின் விருப்பத்துக்கு அவை கட்டுப்படுவதில்லை. கட்டாயப்படுத்துவது தவறு, பிறப்பால் தண்டிப்பது தவறு என்று நீங்கள் இருவரும் உறுதியாகச் சொல்கிறீர்கள். அந்த உறுதியின் வேர் நம்முடைய இன்றைய பொது ஏற்பில் இருக்கிறது என்று நான் சொல்கிறேன். வேறெங்கே இருக்கிறது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

நாஞ்சில்வாசி எழுதியது:

அந்த ஒப்புமையை அப்படியே 1829க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அன்றைய பொது ஏற்பு, தோள்சீலை போடும் நாடார் பெண் தவறு செய்கிறாள் என்பதுதான். ரூபாய்த் தாளைப் போன்றதுதான் அறம் என்றால், அன்று செல்லுபடியானது ஆணையிட்டவர்களின் அறம். அந்தப் பெண்கள் செல்லாத தாளை நீட்டியவர்கள் ஆகிறார்கள். 1859க்குப் பிறகு அவர்கள் பக்கம் நியாயம் ‘உண்டாகியது’ என்று சொல்ல நேரும். ஆனால் நடந்தது அப்படியில்லையே! அவர்கள் பக்கம் நியாயம் முன்பே இருந்தது, அரசு அதைப் பின்னால் ஒப்புக்கொண்டது என்றுதான் நாம் எல்லாரும் புரிந்துகொள்கிறோம். பொது ஏற்பை எதிர்த்து நின்ற ஒவ்வொரு போராளியும், அவர் காலத்தில், வரையறையின்படியே தவறானவர் என்று ஆக்கிவிடும் கொள்கையை நான் எப்படி ஏற்பேன்?

வேர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை எளியது. இழிவுபடுத்தப்படும்போது மனிதருக்கு வலிக்கிறது. அந்த வலி யாருடைய ஏற்பையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அந்த வலியைக் கொடுப்பவர், அதற்கு ஈடான காரணம் ஒன்றை, அதை அனுபவிப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். ‘உன் சீலையைக் கிழிக்கிறேன், ஏனென்றால் நீ என்னைப் போலத் தெரிகிறாய்’ என்பதைக் காரணம் என்று அவளிடம் சொல்லவே முடியாது. சொன்னால் அது வெறும் அதிகாரத்தின் அறிவிப்பாகத்தான் நிற்கும்.

கயல் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாதிக்கப்பட்டவரைக் கேளுங்கள் என்ற அளவுகோலை நானும் மதிக்கிறேன். ஆனால் அதைக் கையில் எடுத்தவுடன் எல்லாம் தெளிந்துவிடாது என்பதற்குத் தேவதாசி முறை ஒழிப்பைச் சொல்ல விரும்புகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் இந்தப் பிரச்சினையை எழுப்பினார். பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கை, முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த மரபுக்குள்ளேயே வளர்ந்தவர். அந்த முறை பெண்ணை விற்பனைப் பொருளாக்குகிறது என்று ஊர் ஊராகச் சென்று பேசினார். அதே காலத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள், எங்களையெல்லாம் ஒரே தட்டில் வைத்து இழிவாகப் பேசாதீர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்று அரசுக்கு எழுதினார்கள். இரு தரப்பாரும் பாதிக்கப்பட்ட பெண்கள்தான். யாருடைய வலியை நாம் எடுத்துக்கொள்வது? சட்டம் வந்த பிறகு மானியத்தையும் மேடையையும் இழந்து வறுமையில் விழுந்த குடும்பங்களின் பேத்திமார்களுக்கு, அது முழு நன்மை என்று சொன்னால் அவர்கள் ஏற்க மாட்டார்கள்.

அறிவழகி எழுதியது:

கயல் எழுப்பியது இந்த இழையிலேயே கடினமான கேள்வி என்று நினைக்கிறேன். என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த இரு தரப்புப் பெண்களும் வெவ்வேறு அறங்களைப் பேசவில்லை. எங்கள் மதிப்பைக் கெடுக்காதீர்கள், எங்கள் வாழ்க்கையை எங்களைக் கேட்காமல் பிறர் தீர்மானிக்கக் கூடாது என்பதையே இருவரும் சொன்னார்கள். அம்மையாரின் கண் முன் நின்றவள், விவரம் அறியாத வயதில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமி. நாகரத்தினம்மாளின் கண் முன் நின்றவள், தன் உழைப்பால் உயர்ந்து தன் சொத்தைத் தானே ஆளும் கலைஞர். சிறுமியின் பொருட்டுத் தடைசெய்தது சரி என்றே நான் கருதுகிறேன். கலைஞரின் நிலத்தையும் மதிப்பையும் காக்க அன்றைய சீர்திருத்தக்காரர்கள் போதிய அக்கறை காட்டவில்லை என்றும் கருதுகிறேன். இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல முடிகிறது என்பதே, இங்கே சரிக்கும் தவறுக்கும் விருப்பத்தைத் தாண்டிய ஏதோ ஒரு பிடிமானம் இருப்பதைக் காட்டுவதாக எனக்குப் படுகிறது.

தர்க்கநிலா எழுதியது:

பொது ஏற்பே அறம் என்ற வாய்பாடு 1829ஆம் ஆண்டின் முன் நிற்காது என்பது நாஞ்சில்வாசி ஐயாவின் பதிலுக்குப் பின் எனக்கும் தெளிவாகிறது. ஆகவே என் வாதத்தைக் குறுக்கிக்கொள்கிறேன். வலியைக் கொடுப்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி வலுவானது. ஆனால் எது போதுமான காரணம் என்பதை எடைபோடும் இடத்தில் நாம் மறுபடியும் நம்முடைய வளர்ப்புக்கும் காலத்துக்கும் உரிய மனத்தோடுதான் உட்காருகிறோம். கயல் சொன்ன வழக்கில் அறிவழகி அவர்கள் ஒரு விதமாக எடைபோட்டார்கள். அதே தகவல்களைக் கொண்டு, அதே நேர்மையோடு, இன்னொருவர் வேறு விதமாக எடைபோட முடியும். அந்த இரண்டில் ஒன்றுதான் சரி என்று சொல்ல, மனிதர் எவரையும் சாராத தராசு ஒன்று இருக்கிறதா என்பதில் என் ஐயம் இன்னும் தீரவில்லை.

வைகைக்கரை எழுதியது:

தராசு எவரையும் சாராததாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தம்பி. எடைபோடப்படுகிறவனும் அதன் அருகில் நின்று பேச முடிய வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டு, 1948இல் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. அதிலும் குறைகள் உண்டு, பழைய போலீஸ் பழக்கம் ஒரே நாளில் போய்விடவும் இல்லை. ஆனாலும் எந்தச் சாதியில் பிறந்தாய் என்று கேட்ட சட்டம் போய், நீ என்ன செய்தாய் என்று கேட்கும் சட்டம் வந்தது. இந்த இரண்டு கேள்விகளில் எது நியாயமானது என்று, இரவில் சாவடியில் படுத்துக்கிடந்தவரின் பிள்ளைகளிடமும் கேளுங்கள், அவரைக் காவல் காத்த போலீஸ்காரரின் பிள்ளைகளிடமும் கேளுங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.